ஆட்டின் மடிநோய் – கண்ணுக்குத் தெரியாத காரணங்கள்



நம் சங்கக் குடும்பங்கள் சிலவற்றுக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுச் சித்தூரிலோ, அட்டப்பாடியிலோ, இடுக்கியின் மறையூர், வட்டவடைப் பக்கமோ இருக்கிறது. இங்கிருந்து அனுப்பும் பணத்தில் ஊரில் ஆடு வாங்கிக் கட்டுவதும் உண்டு. மடி கெட்டால் பாலும் போகும், குட்டியும் மெலியும். அட்டப்பாடிக் கருப்பாட்டிற்குப் பால் குறைவு. அது குட்டிக்கே வேண்டும். எனவே, கால்நடை மருத்துவம் படித்தவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்கிறேன்.

"கண் பட்டு மடி கல்லாகிவிட்டது" என்பார்கள். உண்மைக் காரணம் நுண்ணுயிர்கள். பால் கறந்தபின் காம்பின் துளை சிறிது நேரம் திறந்தே இருக்கும். அவ்வழியே அவை உள்ளே ஏறுகின்றன.

1. ஸ்டஃபைலோகாக்கஸ்: ஆட்டின் தோலிலும் கறப்பவர் கையிலும் வாழ்வது. பெரும்பாலான மடிநோய்க்கு இவ்வினமே காரணம். இதில் ஆரியஸ் என்ற வகை கொடியது. அதன் நச்சால் மடி நீலம்பாய்ந்து சில்லிட்டு அழுகும், ஆடே இறக்கலாம்.

2. ஸ்ட்ரெப்டோகாக்கஸ்: கறப்பவர் கை வழியாகவும் அழுக்குத் தரையிலிருந்தும் பரவும்.

3. ஈ.கோலை: புழுக்கையும் ஈரமும் சேர்ந்த தரையிலிருந்து வருவது. மழைக்காலத்தில் கவனம் தேவை.

4. மான்ஹைமியா: செம்மறியில் முக்கியமானது. குட்டியின் தொண்டையில் தங்கி, பால் குடிக்கும்போது காம்புக்கு வருகிறது.

வெளியே தெரியாத மடிநோயும் உண்டு. அதைக் கண்டறிய 1957இல் அமெரிக்காவில் வெளியான கலிபோர்னியா சோதனை உதவும். பாலில் மருந்துநீர் கலந்தால், நோய் இருக்கும் பால் கூழாகும். ஆட்டுப்பாலில் இயல்பாகவே உயிரணுக்கள் அதிகம். ஆதலால் இலேசாகக் கெட்டியானாலே நோய் என்று முடிவு கட்டக்கூடாது. இரு காம்புகளின் பாலையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

செய்ய வேண்டியவை: கையையும் மடியையும் கழுவித் துடைத்துக் கறக்கவும். முதல் பீச்சுப் பாலைக் கறுப்புத் தட்டில் விட்டுத் திரி, கட்டி உண்டா எனப் பார்க்கவும். கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் நனைக்கவும். நோயுள்ள ஆட்டைக் கடைசியில் கறக்கவும். மடி நீலமானால் கைவைத்தியம் பார்த்துக் காத்திராமல் உடனே மருத்துவரை அழைக்கவும்.

ஒன்றை மறக்கவேண்டாம். காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் பாலில் விட்ட நச்சு காய்ச்சினாலும் அழியாது. ஆகவே திரிந்த பாலைக் குழந்தைகளுக்குத் தரலாகாது. ஆன்டிபயாடிக் போட்ட ஆட்டின் பாலையும் மருத்துவர் சொல்லும் நாள்வரை ஒதுக்கவேண்டும்.

அடுத்தமுறை ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது, ஆடு நலமா என்பதோடு மடியைக் கழுவித்தான் கறக்கிறீர்களா என்றும் கேளுங்கள்.