சில நிழல்களினின்று முழுவுருவம்

ஈயத்தகட்டை எளிதிற் கடந்து செல்லும் நியூட்ரான், சிறிதளவு நீரினாற் பெரிதும் தடைப்படும். எக்ஸ் கதிரின் இயல்போ இதற்கு மாறானது. ஆகலின், மண்ணினுள் மறைந்த வேரையும் அது பருகும் நீரையும் காண விழைவார்க்கு, 1932-ஆம் ஆண்டிற் சாட்விக் என்பார் கண்டறிந்த இத்துகளே தக்க துணையாகின்றது.

காணும் முறை யாதெனின், பொருளைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நிழற்படம் எடுத்து, அந்நிழல்கள் அனைத்தினின்றும் உள்ளுருவத்தைக் கணித்தலேயாம். இதற்குரிய கணிதத்தை ராடான் என்னும் ஆஸ்திரிய அறிஞர் 1917-லேயே வகுத்து வைத்தனர். நிழல்கள் எத்துணை வேண்டும்? பொருளின் அகலம் படத்தில் 1,000 புள்ளியாயின், நுணுக்கம் குன்றாதிருக்க ஏறத்தாழ 1,570 நிழல்கள் வேண்டும் என்பது பொதுவிதி. நியூட்ரான் கற்றைகளோ வலி குன்றியவை. ஒரு நிழலுக்கு 30 வினாடி கொள்ளின், முழுப்படத்திற்கு 13 மணி நேரம் செல்லும். அதற்குள் வேர் நீரைக் குடித்துவிடுமே! முதல் நிழலிற் கண்ட மண் வேறு. இறுதி நிழலிற் கண்ட மண் வேறு.

நிழல்களைக் குறைத்துப் பழைய கணிதத்தையே கையாளின், படமெங்கும் கீற்றுக்கள் பரந்து, வேரோ கீற்றோ என ஐயுறச் செய்யும். ஆதலின் இக்காலத்தார், பொருளைப்பற்றி முன்னரே அறிந்த ஒன்றைக் கணக்கினுட் புகுத்துகின்றனர். உள்ளடர்த்தி பெரும்பாலும் ஒரு சீராயிருந்து, விளிம்புகளில் மட்டுமே சடுதியில் மாறும் என்று கொள்ளுதல் அத்தகையது. கான்டெஸ், டோனஹோ முதலியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வுகள் இந்நெறிக்கு உறுதி தந்தன.

தமிழ் பயிலும் நமக்கு இது முற்றும் புதிதன்று. செல்லரித்த ஏட்டில் ஓரெழுத்து மறைந்துழி, எதுகையும் தளையும் அறிந்தார் அதனை மீட்பர். உரைநடையாயின் மீட்சி அரிது. எனினும், தம் கருத்தையே பாடமாக எழுதிவிடும் பதிப்பாசிரியரும் உளரன்றோ? அவ்வச்சம் இங்கும் உண்டு. சீராயிருக்கும் என்னும் துணிபு, மயிரிழையனைய வேரை மண்ணோடு மண்ணாகத் தேய்த்துவிடலாம். படம் மிகத் தெளிவாயிருத்தலே சிற்சில வேளை ஐயத்திற்கு இடமென்று நாம் கருதுகிறோம். அசையாத பொருளொன்றை முழு நிழல்களாலும் ஒருமுறை எடுத்து, சில நிழல்களால் அமைத்த படத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே இம்முறையை நம்புதல் தகும்.

மற்றோர் உபாயம் திருப்பும் வரிசையைப் பற்றியது. 180 பாகையைப் பொன்விகிதத்தால் வகுக்க வரும் 111.25 பாகை வீதம் திருப்பிச் செல்லின், எவ்விடத்து நிறுத்தினும் நிழல்கள் எப்புறமும் ஏறக்குறையப் பரவியிருக்கும். நீர் விரைந்தோடிய பொழுதிற்குச் சில நிழல்களையும், அடங்கிய பொழுதிற்குப் பலவற்றையும் பின்னர்ச் சேர்த்துக் கணிக்கலாம்.

இங்ஙனம் காலத்தைச் சுருக்கும் முயற்சிகளுள் ஒன்று பெர்லின் நகரத்து அணு உலையில் நிகழ்ந்தது. எடுக்கும் முறையை மாற்றி, 10 வினாடியில் ஒரு முழுப்படம் பெற்றதாக 2017-இல் அவ்வாய்வாளர் வெளியிட்டனர். நியூட்ரானைக் குறைவாகத் தடுக்கும் கனநீரை வேர் நிறைந்த மண்ணிற் செலுத்தி, அது மேலேறுவதைக் கணந்தோறும் முப்பரிமாணத்திற் கண்டனர். அவ்வுலை 2019 டிசம்பரில் நிறுத்தப்பட்டது.