குப்புறப் படுத்திரு, மாப்பிள்ளை



இதை உன் அம்மா படித்துக் காட்டுவாள். நீ தலையைத் தூக்க வேண்டாம்.

எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்டு நிம்மதியானேன். 1819-லிருந்து கண் பார்க்கிற இடம் அது. ஆனால் வருகிற திங்கட்கிழமையே கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டுக்குப் போகத் துடிக்கிறாய் என்று அக்கா சொன்னதும் பதறிவிட்டேன்.

உன் மைனஸ் பவர் அதிகம். அப்படிப்பட்ட கண்ணில் விழித்திரை மெலிந்திருக்கும். அதில் கிழிசல் விழுந்து, உள்ளே நீர் புகுந்து, ஈரச் சுவரில் சுண்ணாம்பு பெயர்வது போலத் திரை உரிந்துவிட்டது. கிழிசலை அடைத்தால்தான் திரை ஒட்டும் என்று சுவிட்சர்லாந்து மருத்துவர் ஜூல் கொனான் 1920-களில் நிறுவும்வரை, இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பார்வை போனது போனதுதான். இன்றைக்குப் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு முதல் ஆபரேஷனிலேயே ஒட்டிவிடுகிறது.

டாக்டர் கிழிசலைச் சுற்றி லேசர் வைத்து, கண்ணுக்குள் வாயு நிரப்பியிருக்கிறார். லேசர் உண்டாக்கும் தழும்பு இறுக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை திரையை அழுத்திப் பிடித்திருப்பது அந்த வாயுக் குமிழிதான். குமிழி எப்போதும் மேலேதான் ஏறும். நீ குப்புறப் படுத்தால் கண்ணின் பின்பக்கம் மேலே வரும். குமிழி போய்த் திரையைத் தாங்கும். மல்லாந்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். நெற்றிக்கு ஒரு தலையணை, நெஞ்சுக்கு ஒன்று வைத்து, மூக்குக்கு இடம் விட்டுப் படு. கழுத்து வலித்தால் நாற்காலியில் உட்கார்ந்து மேசைமேல் நெற்றியைச் சாய்த்துக்கொள். டாக்டர் சொன்ன நாள் கணக்கில் ஒரு மணி நேரம்கூடக் குறைக்காதே.

சில நாளில் பார்வையில் தண்ணீர் மட்டம் போல ஒரு கோடு ஆடும். பயப்படாதே, வாயு கரைகிறது. எந்த வாயு என்பதைப் பொறுத்து அது முழுதும் கரைய இரண்டு வாரமும் ஆகும், இரண்டு மாதமும் ஆகும். அதுவரை திருப்பதி மலை ஏறக் கூடாது. மொட்டை போட வேண்டிக்கொண்டிருப்பதாக அக்கா சொன்னாள். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து குமிழி உப்பும், கண் அழுத்தம் ஏறும். விமானமும் அப்படியே. ஏழுமலையான் காத்திருப்பார். வேறெதற்காவது மயக்க மருந்து கொடுக்க வந்தால், கண்ணில் வாயு இருக்கிறது என்று முதலில் சொல்.

நீ அவசரப்படுவது கூலிக்காகத்தான் என்று தெரியும். அதே சிப்காட் ரோலிங் மில்களில் உழைத்தவன் நான். தவணைத் தேதி வரும்போது வயிறு கலங்குவதை அறிவேன். ஆனால் உன் சம்பளத்தில் மாதாமாதம் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களே, அது இதற்குத்தான். நோய்க்காலத்தில் 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். நீண்டகால நோய்ப் பட்டியலில் விழித்திரைப் பிரிவும் இருக்கிறது. இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்து, போதுமான சந்தாவும் கட்டியிருந்தால், 91 நாளுக்குப் பிறகும் 80 விழுக்காடு வாங்கலாம். காண்ட்ராக்ட் ஆளுக்கும் இந்த உரிமை உண்டு. கம்பிக்கட்டு தூக்கித் திரை மறுபடி உரிந்தால், அந்த இழப்பை எந்தக் கூலி ஈடுகட்டும்?

இன்னொரு கண்ணையும் கவனி. மின்னல் வெட்டினாலோ, திடீரென்று கரும்பூச்சிகள் பறந்தாலோ, பார்வையின் ஓரத்தில் திரைச்சீலை போல நிழல் இறங்கினாலோ, அன்றைக்கே எழும்பூருக்கு ரயில் ஏறு. ஆபரேஷன் செய்த கண்ணில் கடும் வலியோ சீழோ வந்தாலும் அப்படித்தான். உன் தங்கைக்கும் பவர் அதிகம். அவளுக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்.

இ.எஸ்.ஐ. கார்டையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் அம்மாவிடம் கொடுத்தனுப்பு. மருந்தகத்துக்கு நான் போகிறேன், மில்லிலும் நானே பேசுகிறேன். நீ படுத்திரு.

அன்புடன்,
மாமா