எடை விளிம்பில் குறையட்டும்

மலைச் சைக்கிளுக்கு எடை குறைந்த வீல் தேடுகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "ஜோடி எத்தனை கிராம் வருது?" என்பதைத்தான். நான் கேட்கச் சொல்வது வேறொன்று: அந்தக் கிராம் சக்கரத்தின் எந்த இடத்தில் குறைந்திருக்கிறது? கோவையில் வசிக்கிறேன். கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து மண்சாலைகளில் பல வருடங்களாக ஓட்டுகிறேன். வண்டி, முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள 29 இஞ்ச் ஹார்ட்டெயில். கையைக் கடிக்காத செலவில் அதற்கு நல்ல வீல் அமைத்தபோது புரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கிலோமீட்டர், 1,400 மீட்டருக்கு மேல் ஏற்றம். நானும் வண்டியும் தண்ணீரும் சேர்ந்தால் 90 கிலோ. வீல் ஜோடியில் அரைக் கிலோ குறைத்தால், மொத்த எடையில் குறைவது 0.6 சதவீதம்கூட இல்லை. மூன்று மணி நேர ஏற்றத்தில் இதனால் மிச்சமாவது ஒரு நிமிடம். ஒரே வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது வீலில் குறைந்த அரைக் கிலோவும் தண்ணீர் பாட்டிலில் குறைந்த அரைக் கிலோவும் ஒன்றுதான். தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுகிறவர் இந்தச் செலவைச் செய்யவே வேண்டாம் என்பது என் கருத்து.

மண்சாலைக்குள் இறங்கினால் கதை வேறு. கல்லில் தட்டி வேகம் செத்துப்போகும், மறுபடி மிதிக்க வேண்டும். வளைவில் பிரேக் பிடித்துத் திரும்பினால் மறுபடி மிதிக்க வேண்டும். விளிம்பில் இருக்கிற எடை வண்டியோடு முன்னால் போகவும் வேண்டும், கூடவே சுழலவும் வேண்டும். அதனால் டயரிலோ ரிம்மிலோ இருக்கும் ஒரு கிராமுக்கு வேகம் ஏற்ற, ஃபிரேமில் இருக்கும் கிராமைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு சக்தி போகிறது. ஹப் மையத்திலேயே சுழல்வதால் அங்கே இருக்கும் கிராமுக்கு இந்தத் தண்டம் அனேகமாகக் கிடையாது. இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழி: எடையை விளிம்பில் குறைப்பது, பணத்தை நடுவில் போடுவது. கடைகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் விற்கிறார்கள். பளபளக்கும் இலகு ஹப்பைக் காட்டிவிட்டு, கனமான ரிம்மைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

விளிம்பு என்றால் முதலில் டயர். வீல் வாங்கக் காசு சேர்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம். வண்டியோடு வருகிற டயர்களில் பல, ஓரத்துக்குள் இரும்புக் கம்பி ஓடுகிறவை, மடக்க வராது. 29 இஞ்சில் ஒன்று 800 கிராம் இருப்பது சாதாரணம். கம்பிக்குப் பதில் அராமிட் இழை வைத்த மடக்கு டயர் அதே அகலத்தில் 650 முதல் 700 கிராமில் கிடைக்கும். உள்ளே இருக்கிற ட்யூப் 200 கிராம் வரும். ட்யூப்லெஸ்ஸாக மாற்றினால் அது போய், சீலண்ட், வால்வு, டேப் எல்லாம் சேர்த்து 120 கிராம் உள்ளே வரும். டயரும் ட்யூபும் சேர்ந்து ஜோடிக்கு 400 கிராம் பக்கம் போய்விடுகிறது, அதுவும் விளிம்பின் கடைசி ஓரத்தில். இதே எடையை ரிம்மில் குறைக்க எத்தனை ஆயிரம் ஆகும் என்று விசாரித்துப் பாருங்கள்.

ட்யூப்லெஸ்ஸால் எடையைவிடப் பெரிய லாபம் காற்றில் கிடைக்கிறது. ட்யூப் வைத்து 30 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கினால், கல்லில் மோதும்போது ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி இரண்டு ஓட்டை விழும். ட்யூப் இல்லையென்றால் முன்னால் 22, பின்னால் 25 என்று ஓட்டலாம். டயர் கல்லை அணைத்துக்கொண்டு உருளும், பிடிமானம் கூடும். சமவெளியில் சீமைக்கருவேல முள் ஏறினாலும் சீலண்ட் பெரும்பாலும் அங்கேயே அடைத்துவிடும். ஒரே எச்சரிக்கை: 500, 550 கிராம் பந்தய டயர்களை நீலகிரிச் சரளைக்குக் கொண்டுவர வேண்டாம். பக்கச் சுவர் கிழிந்தால் சீலண்டால் ஒன்றும் ஆகாது.

அடுத்தது அளவுகள். சலிப்பான வேலை. ஆனால் இதில் ஒன்று பொருந்தாவிட்டாலும் வாங்கிய வீல் சுவரில்தான் தொங்கும். பின் அச்சின் அகலம் 135 மி.மீ. குவிக் ரிலீஸா, 12 மி.மீ. த்ரூ ஆக்சிலோடு 142-ஆ, பூஸ்ட் எனப்படும் 148-ஆ? விலை குறைந்த வண்டிகளில் 141 மி.மீ. குவிக் ரிலீஸ் என்று நடுவில் ஒன்று வருகிறது. 135 என்று நினைத்து வாங்கினால் உட்காராது. முன்னால் 100-ஆ, 110-ஆ? டிஸ்க் ரோட்டர் ஆறு போல்ட்டா, ஷிமானோவின் சென்டர்லாக்கா? கியர் பல்சக்கரம் ஏறுகிற ஃப்ரீஹப் பழைய எச்ஜியா, மைக்ரோ ஸ்ப்லைனா, ஸ்ராமின் எக்ஸ்டியா? சின்னப் பல்சக்கரத்தில் பத்துப் பல் இருந்தால் பின்னிரண்டில் ஒன்று, பதினொன்று இருந்தால் பெரும்பாலும் எச்ஜி. ஏழு, எட்டு கியர் வண்டிகளில் மரை போட்டுத் திருகும் ஃப்ரீவீல் இருந்தால், புது ஹப்போடு கேசட்டுக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள். ஃபிரேமில் இடமும் காசும் இருந்தால் பூஸ்ட் ஹப்பே நல்லது. 142-ஐவிட ஹப்பின் காதுகள் பக்கத்துக்கு 3 மி.மீ. தள்ளி இருப்பதால் கம்பிகள் இன்னும் சரிவாக நிற்கும். 29 இஞ்ச் போன்ற பெரிய சக்கரத்துக்கு அந்தச் சரிவுதான் பக்கவாட்டு பலம்.

ரிம். உள் அகலம் 25 முதல் 30 மி.மீ. இருந்தால் 2.25 முதல் 2.4 இஞ்ச் டயருக்குச் சரியாக இருக்கும். பழைய 19 மி.மீ. ரிம்மில் குறைந்த காற்றில் ஓட்டினால் வளைவில் டயர் பக்கவாட்டில் சாயும். எடைக்குத் தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: 400 முதல் 450 கிராம் ரிம் பந்தயக்காரருக்கும் உடல் எடை குறைந்தவருக்கும். 450 முதல் 520 நம்மைப் போல எல்லா வழியிலும் ஓட்டுகிறவருக்கு. அதற்கு மேல் குதிக்கிறவர்களுக்கு. விலை குறைந்த வண்டிகளில் வருகிற ரிம் பலவும் 600-ஐத் தொடும். வாங்கும்போது இணைப்பைத் தடவிப் பாருங்கள். வெல்டிங் வைத்துச் சமமாக இழைத்திருந்தால் விரல் வழுக்கிக்கொண்டு போகும்.

நல்ல அலுமினிய ரிம் மலைச் சைக்கிளுக்கு எளிதாக வந்துவிடவில்லை. 1980-களில் கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில் கீத் பாண்ட்ரேகர் என்பவர், மேவிக் நிறுவனத்தின் ரோடு சைக்கிள் ரிம்மில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, வளையத்தைச் சிறிதாக்கி, 26 இஞ்ச் மலைச் சைக்கிளுக்குப் பொருத்தினார். அன்றைக்குக் கிடைத்தவற்றைவிட இலகுவாகவும் உறுதியாகவும் ஒரு ரிம் வேண்டும் என்பதற்காக ஒரு மனிதர் பட்ட பாடு அது. இன்று அதைவிட நல்ல ரிம் நடுத்தர விலையில் கிடைக்கிறது.

கார்பன் ரிம்மும் சீனாவிலிருந்து மலிவாக வருகிறதே என்று கேட்பார்கள். இலகுதான், நல்லதும் இருக்கிறது. ஆனால் அலுமினியம் கல்லில் அடிபட்டால் நெளியும், இடுக்கியால் நிமிர்த்தி வீடு வந்து சேரலாம். கார்பன் விரிசல் விட்டால் புது ரிம்தான். குறைந்த பட்ஜெட்டுக்கு அது ஒத்துவராது.

கம்பிக்கு வருகிறேன். நம் ஊரில் போக்ஸ் கம்பி என்போம். வீலின் ஆயுள் இதில்தான் இருக்கிறது, இதைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. ஜோப்ஸ்ட் பிராண்ட் என்பவர் 1981-ல் வெளியிட்ட 'தி பைசைக்கிள் வீல்' என்ற நூல் இதைத் தெளிவாக விளக்குகிறது. எல்லாக் கம்பிகளும் இழுத்துக் கட்டப்பட்டே இருக்கின்றன. நாம் ஏறி உட்கார்ந்ததும், தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே இருக்கிற கம்பிகளில் அந்த இழுவை குறைகிறது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து மறுபடி இறுகுகிறது. கட்டும்போதே இழுவை குறைவாக இருந்தால் கம்பி முழுக்கத் தொய்ந்து, ஹப்பின் ஓட்டையில் அதன் முழங்கை அசைய ஆரம்பிக்கும். கம்பி அங்கேதான் களைத்து முறிகிறது. பாரம் தாங்காமல் முறிந்தது என்று நாம் நினைப்பது அனேகமாகத் தொய்வால் முறிந்ததுதான்.

இதனால் ஒரு வியப்பான நன்மை உண்டு. இரண்டு முனையும் 2 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. என்று இழைத்த பட்டட் கம்பி, முழுக்க 2 மி.மீ. உள்ள கம்பியைவிட அதிக நாள் உழைக்கும். நடு மெலிந்திருப்பதால் அதே இழுவையில் கொஞ்சம் அதிகம் நீளும். அதனால் ரிம் அமுங்கும்போது முழுக்கத் தொய்ந்துபோகாது. எடையும் குறையும், உழைப்பும் கூடும்: வீலில் இப்படி இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் இது ஒன்றுதான். 29 இஞ்சுக்கான 290 மி.மீ. கம்பி முழுத் தடிமனில் சுமார் 7 கிராம், 2-1.8-ல் 6 கிராம், நடுவில் 1.5 என்றால் நாலரை. சேப்பிம் ரேஸ், டி.டி. ஸ்விஸ் காம்பெட்டிஷன் இரண்டும் 1.8 வகை. நான் அதையே எடுத்தேன். 1.5 கம்பி கட்டும்போது முறுக்கிக்கொள்ளும், தேர்ந்த கை வேண்டும்.

கம்பியை ரிம்மோடு இறுக்குகிற நிப்பிளில் மட்டும் என் விதியை நானே மீறுகிறேன். பித்தளை நிப்பிள் ஒன்று 1 கிராம், அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஜோடிக்கு வேண்டிய 64-க்கு நாற்பது கிராமுக்கு மேல் குறையும், அதுவும் விளிம்பிலேயே. இருந்தாலும் பித்தளைதான். மழையும் கசிகிற சீலண்டும் பட்டால் அலுமினியம் அரித்துக் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு கோட்டம் எடுக்க ஸ்பேனர் போட்டால் தலை மழுங்கிவிடும்.

என் வீலைக் கட்டித் தந்தவர் முப்பது ரூபாய்க்குப் பங்க்சர் ஒட்டிய காலத்திலிருந்து கடை வைத்திருக்கிற அண்ணன். இருபுறமும் இழுவை வந்ததும் நகத்தால் கம்பிகளைச் சுண்டிக்கொண்டே சக்கரத்தைத் திருப்பினார். "வலப்பக்கம் பூரா ஒரே சுதி பேசோணும் தம்பி, இடப்பக்கம் பூரா ஒரே சுதி பேசோணும். ஒண்ணு மட்டும் இறங்குச்சுன்னா அதுதான் மொதல்ல போகும்" என்றார். காது கொடுத்துக் கேட்டால் தெரிகிறது. பின் சக்கரத்தில் கியர் பக்கம் உயர்ந்த சுதி. முன் சக்கரத்தில் டிஸ்க் இருக்கும் இடப்பக்கம் உயர்ந்தது. பிறகு இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையில் பிடித்து அழுத்தினார். முறுக்கு விட்டுக் கிணுகிணு என்று சத்தம் வந்தது. மறுபடி ஸ்டாண்டில் வைத்துக் கோட்டம் பார்த்தார். பெட்டியில் வருகிற ரெடிமேட் வீலுக்கு இந்தப் பொறுமை கிடைக்குமா என்பது சந்தேகம். ரெடிமேட் வாங்கினாலும் இப்படி ஒருவரிடம் ஒருமுறை கொடுத்து இழுவை பார்த்துவிடுவது நல்லது.

ஹப். ஐம்பது, நூறு கிராம் கூடுதலாக இருந்தாலும் கவலைப்படாதீர்கள். கேட்க வேண்டியது, பேரிங் போனால் என்ன செய்வது என்பதை. ஷிமானோவின் கப்பும் கோனும் வைத்த ஹப் வருடம் ஒருமுறை பிரித்து கிரீஸ் போட்டால் நெடுநாள் ஓடும். ஆனால் பிரிக்காமல் விட்டு கப் தேய்ந்தால் ஹப்பே போச்சு. நோவாடெக், பிடெக்ஸ் போன்ற தைவான் ஹப்புகளில் சீல்டு பேரிங் வரும். ஓரத்து ரப்பர் மூடியில் 6902 2ஆர்எஸ் என்பதுபோல் ஓர் எண் அச்சிட்டிருக்கும். அது சைக்கிளுக்கே உரிய எண் அல்ல, உலகம் முழுக்க ஒரே அளவு. கோவை பம்ப்செட்டும் மோட்டாரும் செய்கிற ஊர். பழைய பேரிங்கைக் கையில் எடுத்துப்போய் எண்ணைக் காட்டினால், பேரிங் கடையில் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இந்த வசதிக்காகவே நான் சீல்டு பேரிங் பக்கம். கையில் கொஞ்சம் கூடுதலாகக் காசு இருந்தால் அதைப் பின் ஹப்பில் போடுங்கள். டி.டி. ஸ்விஸ் 350-ல் இருக்கிற பல்வட்ட அமைப்பைக் கையாலேயே இழுத்துப் பிரித்துத் துடைக்கலாம்.

ஹப்பில் இன்னொன்று: முழங்கை வளைந்த கம்பி போடுகிற வகையே வாங்குங்கள், 32 ஓட்டை. நேர்க்கம்பி ஹப்பும் அந்தந்தக் கம்பெனிக்கே உரிய விசேஷக் கம்பிகளும் பார்க்க அழகு. ஆனால் ஒன்று முறிந்தால் பார்சல் வரும்வரை வண்டி வீட்டில் நிற்கும்.

இனி கூட்டல். ரிம் இரண்டு 960 கிராம், ஹப் இரண்டு 480, கம்பி 384, நிப்பிள் 64. மொத்தம் 1,888. கழற்றி வைத்த பழைய ஜோடி 2,350 பக்கம் இருந்தது. ரோட்டர், கேசட் இல்லாமல் வீட்டுச் சமையலறைத் தராசில் பார்த்த எடை. செலவு, கட்டுக்கூலியோடு முப்பதாயிரத்துக்குள். எந்த விளம்பர எண்ணையும் இப்படிப் பாகம் பாகமாகப் பிரித்துக் கேளுங்கள். 1,600-க்குக் கீழே ஒரு மலிவான அலுமினிய ஜோடி என்றால், ரிம்மா, கம்பியின் எண்ணிக்கையா, எதைக் குறைத்தார்கள் என்று தெரியாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

புது வீல் முதல் சில ஓட்டத்தில் சற்று இளகும். அப்போது ஒருமுறை கடைக்குக் கொண்டுபோய் இழுவையைச் சரிபார்த்துவிட்டால், பிறகு நீண்ட நாள் தொட வேண்டியிருக்காது. கட்டும்போதே நீளத்துக்கு இரண்டு கம்பி கூடுதலாக வாங்கிவிடுங்கள். முன்னும் பின்னும், இடமும் வலமும் நீளம் இரண்டொரு மி.மீ. மாறும். நான் ஒவ்வொன்றிலும் நீளத்தையும் பக்கத்தையும் டேப்பில் எழுதி ஒட்டி, நிப்பிளோடு சீட் போஸ்ட்டுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். சரியான நீளத்தில் கம்பி கையில் இருந்தால், கோத்தகிரியில் எந்தச் சைக்கிள் கடையிலும் மாற்றிக் கொடுப்பார்கள்.