தமிழ் எழுத்து கேள்விக்குறியாக மாறுகிறதா?

இணையப் படிவத்தில் 'மதுரை' என்று தட்டிச் சேமித்தால், பக்கத்தைத் திறக்கும்போது '?????' என்று நிற்கிறதா? கோடிங் முழுவதையும் புரட்டிப் போடும் முன் இவற்றைப் பாருங்கள்.

● மைஎஸ்க்யூஎல்லில் அந்தப் பதிவை ஹெக்ஸ் ஃபங்ஷன் மூலம் எடுத்துப் பாருங்கள். '3எஃப்' வரிசையாக வந்தால், சேமிக்கும்போதே எழுத்து தொலைந்துவிட்டது. அந்தப் பதிவை மறுபடி உள்ளிடுவதுதான் வழி. 'இ0ஏஇ' என்று தொடங்கினால் எழுத்து பத்திரமாக இருக்கிறது. எடுத்துக் காட்டும் இடத்தில்தான் கோளாறு.

● டேபிள், அதன் நெடுவரிசை, சர்வர் இணைப்பு மூன்றிலும் சார்செட் 'யுடிஎஃப்8எம்பி4' என்று இருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இணைப்பில்தான். பிஎச்பியில் பிடிஓ பயன்படுத்தினால், இணைப்பு வரியிலேயே சார்செட்டைக் குறிப்பிடுங்கள்.

● தமிழ் சரியாக வந்து, இமோஜி மட்டும் தகராறு செய்கிறதா? மைஎஸ்க்யூஎல்லின் பழைய 'யுடிஎஃப்8', ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் தரும். தமிழுக்கு அது போதும். பெரும்பாலான இமோஜிகளுக்கு 4 பைட் வேண்டும்.

● டேட்டாபேஸின் சார்செட்டை மட்டும் மாற்றினால் ஏற்கெனவே உள்ள டேபிள்கள் மாறாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்ற வேண்டும்.

● எதில் கைவைப்பதற்கு முன்பும் பேக்கப் எடுத்துவிடுங்கள்.