மாய உலகைக் கட்டும் ஒளியும் அரங்கும்

கதை எழுதுபவர், காட்டின் நடுவே பாழடைந்த மாளிகை ஒன்று இருந்தது என ஒரே வரியில் எழுதிவிட்டு அப்பாற் செல்லலாம். மிகுதியை வாசிப்பவர் தம் மனத்திற் கட்டிக்கொள்வர். அக்கதையைத் திரைப்படமாக்க முற்படுபவருக்கு இந்தச் சலுகை கிடையாது. மாளிகையின் கதவு எத்தனை அடி உயரம், சுவரின் நிறம் யாது, விளக்கு எங்கே எரிகின்றது, நிழல் எப்பக்கம் விழுகின்றது என்பனவற்றையெல்லாம் யாராவது ஒருவர் தீர்மானித்தேயாக வேண்டும். சுவரையும் கதவையும் தீர்மானிப்பவர் கலை இயக்குநர். விளக்கையும் நிழலையும் தீர்மானிப்பவர் ஒளிப்பதிவாளர். மாயக் கதைகளைத் தழுவி எடுக்கப்பட்ட படங்களில் இவ்விருவரின் பணி எத்தகையது என்பதே இப்பாடம்.

தமிழ்ப் பள்ளி மலரில் வேற்றுமொழிப் படங்களுக்கு இடம் எதற்கு எனப் பெற்றோர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தும்போது, “இருட்டாக இருந்தது. பயமாக இருந்தது” என்னும் இரு வசனங்களை அடிக்கடி காண்கிறேன். எத்தகைய இருட்டு, அதில் எது தெரிந்தது, எது தெரியவில்லை என்பதை அவர்கள் எழுதுவதில்லை. மொழி போதாமையே காரணம் என நாம் கவலைப்படுகிறோம். பாதிக் காரணம் கூர்ந்து பாராமை என்பது என் எண்ணம். வார இறுதியில் இரண்டு மணி நேரம் எம்மிடம் வரும் பிள்ளை, ஏனைய ஓய்வு நேரங்களில் இத்தகைய படங்களையே பார்க்கின்றது. பார்ப்பதைத் தமிழிற் சொல்லப் பழகாவிடின், தமிழ் அப்பிள்ளைக்குப் பழைய செய்திகளை மட்டும் சொல்லும் மொழியாகிவிடும். அன்றியும், இடமும் பொழுதும் உணர்வைத் தாங்கி நிற்கும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். முல்லைக்கு மாலையும் குறிஞ்சிக்கு யாமமும் உரியன என வகுத்தார். நிலத்தை அரங்க அமைப்பு எனவும் பொழுதை ஒளியமைப்பு எனவும் கொண்டால் இப்பாடத்தின் வாசல் திறந்துவிடும்.

மாணவர்களே, இன்றிரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு ரோச் விளக்கைத் தம்பியின் நாடிக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். பழகிய முகம் பேய் முகமாகும். சூரியன் மேலிருந்து ஒளி தருவதால், கீழிருந்து எழும் ஒளி நம் கண்ணுக்கு இயல்பற்றதாகத் தோன்றுகிறது. பக்கத்திற் பிடித்தால் பாதி முகம் மறையும். பின்னாற் பிடித்தால் தலைமுடியைச் சுற்றி ஒளிவட்டம் உண்டாகும். விளக்கின் முன் மெல்லிய வெள்ளைத் துணியொன்றைச் சற்று எட்டப் பிடித்தால் நிழலின் ஓரம் மென்மையடையும். பெருஞ்செலவில் எடுக்கப்படும் படங்களிலும் அடிப்படை இவ்வளவே.

இனி ஓர் எடுத்துக்காட்டு. எல். பிராங் போம் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1900 ஆம் ஆண்டில் ஓஸ் நாட்டு மந்திரவாதியின் கதையை வெளியிட்டார். அக்கதையில் டொரதி என்னும் சிறுமி வாழும் கன்சாஸ் சமவெளி முழுவதும் சாம்பல் நிறமானது. மண்ணும் வீடும் மனிதரும் கூட அவ்வாறே. சூறாவளி அவளை வீட்டோடு தூக்கிச் சென்று வண்ணமயமான நாட்டில் இறக்குகின்றது. 1939 இல் விக்டர் பிளெமிங் இயக்கத்தில் வெளிவந்த படம், எழுத்திலிருந்த இவ்வேறுபாட்டைப் படச்சுருளின் வேறுபாடாகவே மாற்றிற்று. கன்சாஸ் காட்சிகள் கபில நிறச் சாயலிலும், ஓஸ் நாட்டுக் காட்சிகள் அக்காலத்தில் அரிதாயிருந்த ரெக்னிக்கலர் முறையிலும் எடுக்கப்பட்டன.

டொரதி வீட்டுக் கதவைத் திறக்கும் கணத்தைக் கவனியுங்கள். கபில நிற அறையிலிருந்து அவள் கதவைத் திறக்க, வெளியே வண்ண உலகம் தெரிகின்றது. ஒரே காட்சியில் இரு நிறங்கள் எவ்வாறு வந்தன? வண்ணப் படச்சுருளிலேயே அக்காட்சியை எடுத்து, அறையின் உட்புறத்தைக் கபில நிறத்தாற் பூசிவிட்டனர். கதவைத் திறப்பவர் டொரதியாக நடித்த ஜூடி கார்லண்ட் அல்லர். கபில நிற உடை அணிந்த மாற்று நடிகை. அவர் ஒதுங்கிக்கொள்ள, நீல உடையணிந்த கார்லண்ட் முன்னே வருகிறார். வாளியளவு வண்ணப்பூச்சும் ஓர் உடையும் செய்த மாயம் இது.

இவ்வண்ண உலகிற்கு விலையும் இருந்தது. ரெக்னிக்கலர் கமராவுக்கு மிகுந்த ஒளி வேண்டும். விளக்குகளின் வெப்பத்தால் படப்பிடிப்புக் கூடம் 100 பாகை பரனைற்றைத் தாண்டியது. கனத்த தோலுடையணிந்து சிங்கமாக நடித்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். டொரதியின் காலணிகள் நூலில் வெள்ளி நிறமானவை. வண்ணத்திரையில் எடுப்பாகத் தோன்றும் பொருட்டு அவற்றைச் செந்நிற மாணிக்கக் காலணிகளாக்கினர். நூலைப் படமாக்குபவர் எதை மாற்றினார், ஏன் மாற்றினார் எனக் கேட்பது நல்ல மாணவருக்கு அழகு. ஆனால் மரகத நகரத்தில் எல்லோரும் பச்சைக் கண்ணாடி அணிவதால்தான் நகரம் அவ்வளவு பச்சையாகத் தெரிகின்றது என்னும் போமின் குறும்பு படத்தில் இல்லை. உண்மையிலேயே பச்சையான நகரத்தைக் கட்டிவிட்டனர். இது எனக்குச் சிறிது ஏமாற்றமே.

எனினும் என் மனத்திற்கு மிக நெருங்கிய படம் வேறொன்று. பிரெஞ்சுக் கவிஞர் ஜோன் கொக்தோ இயக்கி 1946 இல் வெளிவந்த ‘அழகியும் விலங்கும்’ அது. 1756 இல் லெப்ரன்ஸ் டி போமோன் அம்மையார் வெளியிட்ட கதையைத் தழுவியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1945 இன் பிற்பகுதியிற் படப்பிடிப்புத் தொடங்கிற்று. நாடு வறுமையில் இருந்தது. போதிய படச்சுருள் இல்லை. கிடைத்த சுருள்களும் ஒரே தரத்தனவல்ல. மின்சாரம் அடிக்கடி நின்றது.

இந்நிலையில் மாய மாளிகையை எவ்வாறு கட்டுவது? வடிவமைப்பாளர் கிறிஸ்தியன் பெரார், ஒளிப்பதிவாளர் ஹென்றி அலக்கான் ஆகிய இருவரும் இருளையே சுவராக்கினர். அழகியின் தந்தை இரவில் மாளிகைக்குள் நுழைகிறார். சுவரிலிருந்து மனிதக் கைகள் நீண்டு விளக்குத் தண்டுகளை ஏந்தி நிற்கின்றன. அவர் கடந்து செல்லச் செல்ல மெழுகுவர்த்திகள் தாமே பற்றிக்கொள்கின்றன. கைகள் மறைவில் நின்ற மனிதருடையவை. மெழுகுவர்த்திகளோ முதலில் எரிந்துகொண்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக அணைத்து, நடிகரைப் பின்னோக்கி நடக்கச் செய்து படமெடுத்து, அச்சுருளைத் தலைகீழாக ஓட்டினர். அடுப்பின் இருமருங்கும் உள்ள சிலை முகங்கள் விழி திருப்பிப் பார்க்கின்றன. அவையும் வண்ணம் பூசிய மனித முகங்களே.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. மாயக் கதை என்றதும் எல்லாவற்றையும் புகைமூட்டமாகக் காட்டவேண்டும் எனப் பலர் எண்ணுவர். கொக்தோ அதனை விரும்பவில்லை. உருவங்கள் கூர்மையாகவும் தெளிவாகவும் தெரியவேண்டும் என்றே அவர் வற்புறுத்தினார். நம்பமுடியாத ஒன்றைத் தெளிவாகக் காட்டும்போதே அது மெய்யாகிறது. அழகியின் வீட்டுக் காட்சிகளுக்கு வெர்மீர் முதலான ஒல்லாந்து ஓவியரின் சாயலும், மாளிகைக்குக் குஸ்தாவ் டொரேயின் சித்திரங்களின் சாயலும் தரப்பட்டன. அதனால் இரண்டு இடங்களும் இரண்டு உலகங்களாகின்றன.

மின்வெட்டு என்னும் சொல்லை எம் பெற்றோருக்கு விளக்க வேண்டியதில்லை. 1990 இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லாத ஆண்டுகளில், ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில் விடைத்தாள் திருத்திய ஆசிரியர்களுள் யானும் ஒருவன். சிறு சுடர் அறை முழுவதையும் காட்டாது. கையையும் தாளையும் மட்டும் காட்டி, ஏனையவற்றை இருளிடம் விட்டுவிடும். மூலையில் இருப்பது அரிசி மூட்டைதான் என்று அறிந்தும் பிள்ளைகள் அப்பக்கம் போக அஞ்சுவர். கொக்தோவின் மாளிகை எனக்கு உடனே விளங்கியமைக்கு அதுவே காரணம்.

மாணவர் நன்கறிந்த பிற்காலப் படங்களைச் சுருக்கமாக நோக்குவோம். ஹரி பொட்டர் வரிசையின் முதற் படத்தில் (2001) உணவு மண்டபத்தின் தரைக்குக் கலை இயக்குநர் ஸ்டூவர்ட் கிரெய்க் மெய்யான கற்களையே பதித்தார். மிதக்கும் மெழுகுவர்த்திகளையும் முதலில் மெய்யாகவே கம்பியிற் கட்டித் தொங்கவிட்டனர். சுடரின் வெப்பம் கம்பியை அறுக்கத் தொடங்கவே, பின்னர் கணினியின் துணையை நாடினர். அதே ஆண்டில் வெளிவரத் தொடங்கிய ‘மோதிரங்களின் தலைவன்’ படங்களில், மந்திரவாதி கண்டால்வ் பெரியவராகவும் குறுமனிதர் சிறியவராகவும் தோன்ற, ஒரே வீட்டை இரு அளவுகளிற் கட்டினர். வனதேவதை போன்ற கலாட்ரியேலின் கண்களில் விண்மீன்கள் தெரிவதற்குக் காரணம், கமராவின் அருகே தொங்கவிடப்பட்ட சிறு மின்குமிழ்க் கொத்தேயாம்.

இனி நம் மண்டபத்திற்கு வருவோம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலரங்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக அமைந்தது என அளவு கூறுகின்றது. மூவகைத் திரைகளைச் சொல்கின்றது. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு வைத்ததையும் மறவாமற் சொல்கின்றது. நாமோ குழல்விளக்குகள் அனைத்தையும் எரியவிட்டு இராவணனை மேடையேற்றுகிறோம்! பார்வையாளர் அவன் பின்னால் நாற்காலி அடுக்கும் பெற்றோரையும் சேர்த்தே காண்கின்றனர்.

பயிற்சி:

1. மேலே கூறிய படங்களுள் ஒன்றின் ஐந்து நிமிடக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்க. ஒளி எங்கிருந்து வருகின்றது, எது இருளில் விடப்பட்டுள்ளது எனப் பத்து வசனங்களில் எழுதுக. ‘பயம்’, ‘அழகு’ என்னும் சொற்களைப் பயன்படுத்தலாகாது.

2. மேல்வகுப்பினர்: அடுத்த விழாவில் அசோகவனக் காட்சியை நடிப்பதாகக் கொள்க. இரண்டு விளக்குகளும் ஒரு வெள்ளைத் துணியும் மட்டுமே உள்ளன. சீதை எங்கே அமர்வாள், விளக்குகள் எங்கே நிற்கும் எனப் படம் வரைந்து, காரணமும் எழுதி, விடுமுறைக்குப் பின் வரும் முதல் வகுப்பிற்கு எடுத்து வருக. பெற்றோர் விளக்குப் பிடித்து உதவலாம். விடை எழுதித் தருதல் வேண்டாம்.