வீட்டு மூலையிலிருந்து காலரி சுவர் வரை: புதிய ஓவியர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

சென்னையில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி, ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம், முட்டுக்காடு தட்சிணசித்ரா, இன்னும் பல சின்னச் சின்ன காலரிகள் என்று குழுக் கண்காட்சிகள் நடந்தபடியே இருக்கின்றன. ‘தண்ணீர்’, ‘மரம்’, ‘என் தெரு’ என்று ஒரு தீம் சொல்லிப் படம் கேட்பார்கள். தனியாகக் கண்காட்சி வைக்க வசதியில்லாத இளம் ஓவியருக்கு இதுவே முதல் வாசல். அவருக்குப் பெரும்பாலும் ஸ்டுடியோ இருக்காது. ஹாலின் ஒரு மூலையோ மொட்டைமாடி அறையோதான் ஓவியக்கூடம். அங்கிருந்தே நல்ல படத்தைச் சேதமில்லாமல் சுவருக்குக் கொண்டுபோக இந்தக் குறிப்புகள் உதவும்.

1. தீம் கையில் கிடைத்ததும் மனதில் வரும் முதல் ஐந்து காட்சிகளைத் தாளில் எழுதி, ஓரமாக வைத்துவிடுங்கள். ‘தண்ணீர்’ என்றால் மெரினா, மழை, கிணறு, குளம், தாமரை. மற்றவர்களுக்கும் இவைதான் முதலில் தோன்றும். அதன்பிறகு உங்கள் தெருவுக்குள் இறங்கிப் பாருங்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது லாரிக்காக வரிசையில் நின்ற பிளாஸ்டிக் குடங்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் எது யாருடையது என்று தெரிய ஒரு எழுத்தோ, எண்ணோ, நெயில்பாலிஷ் பொட்டோ இருக்கும். கழுத்தில் கட்டிய ஒரு துணிக் கிழிசலும் அதே வேலையைச் செய்யும். அந்தப் பொட்டு ஒன்றை மட்டும் பெரிதாக வரைந்தாலே ஒரு குடும்பத்தின் காலை நேரம் முழுவதும் அதில் வந்துவிடும். தீம் படத்தில் தெரிய வேண்டும், ஆனால் தீமுக்கு விளக்கப்படம் வரைந்ததுபோல் ஆகிவிடக் கூடாது.

2. ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வரையத் தயங்காதீர்கள். ஓவியர் கே.எம்.ஆதிமூலம் காந்தி நூற்றாண்டை ஒட்டி காந்தியைக் கறுப்புக் கோடுகளில் தொடர்ச்சியாக வரைந்தார். எல்லோருக்கும் தெரிந்த முகம்தான். விடாமல் வரைந்ததால் அந்தக் கோடு அவருடையதாயிற்று. கண்காட்சிக்கு ஒரே படம் கேட்டாலும் பழைய நோட்டில் பத்துப் பன்னிரண்டு சின்ன ஸ்கெட்ச் போட்டுவிட்டுக் கேன்வாஸைத் தொடுங்கள்.

3. விண்ணப்பத்தை முழுக்கப் படியுங்கள். அவர்கள் சொல்லும் அளவு ஃபிரேமையும் சேர்த்தா, சேர்க்காமலா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

4. படம் ஒப்படைக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஃபிரேம் கடைக்கு ஒரு வாரம், காய்வதற்கு இத்தனை நாள் என்று கழித்துப் பார்த்தால் வரைய எவ்வளவு நாள் மிச்சம் என்பது தெரியும். ஆயில் பெயின்ட் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே சில நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இன்னும் இழுக்கும். பர்ன்ட் அம்பர் போன்ற மண் நிறங்கள் சீக்கிரம் காயும். டைட்டானியம் வெள்ளை தாமதமாகும். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் கூடுதலாகவும் இருக்கட்டும். மாற்றிப் போட்டால் பின்னாளில் வெடிப்பு விழும். தடிப்பில்லாத ஆயில் படமே வார்னிஷுக்கு ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும். ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் அக்ரிலிக்கே நல்லது.

5. அக்னி நட்சத்திர வெயிலில் அக்ரிலிக் பிரஷிலேயே காய்ந்துவிடும். மூடி இறுக்கமான பழைய பிளாஸ்டிக் டப்பாவில் ஈரமான ஸ்பான்ஜ் துணியை விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு அதில் நிறத்தைப் பிழியுங்கள். மூடி வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். நாற்றம் வந்தால் துணியை மாற்றிவிடுங்கள். வாட்டர்கலருக்கு ஓட்டையில்லாத பழைய இட்லித் தட்டு அருமையான பேலட். பெயின்டுக்கு எடுத்த பாத்திரம் எதுவும் மறுபடி அடுப்பங்கரைக்குப் போகக் கூடாது. சில நிறங்களில் காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கின்றன.

6. அக்ரிலிக் இறுகிப்போன பிரஷைத் தூக்கி எறியாதீர்கள். கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய ஆல்கஹால் சானிடைசரில் சிறிது நேரம் ஊறவைத்து சோப்பு போட்டுத் தேய்த்தால் நிறம் இளகி வரும். அதே சானிடைசர் ஒரு சொட்டு படத்தில் விழுந்தால் அங்கேயும் நிறம் இளகிவிடும் என்பதால் ஈஸலுக்குத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். ஆயில் பிரஷை முதலில் செய்தித்தாளில் துடைத்து, சமையல் எண்ணெயில் அலசி, அப்புறம் சோப்பு போட்டுக் கழுவலாம்.

7. இதைக் கட்டாயம் கவனியுங்கள்: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். காயும்போது அந்த எண்ணெய் சூட்டை வெளியிடும். குவிந்து கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

8. பிரஷ் கழுவிய அக்ரிலிக் தண்ணீரை நேரே சிங்க்கில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். வாளியில் ஒரு நாள் தெளியவிட்டு, அடியில் தங்கிய வண்டலைச் செய்தித்தாளில் வழித்து எறியுங்கள்.

9. வீட்டு டியூப்லைட்டில் நன்றாக இருக்கும் நீலம், காலரியின் மஞ்சள் ஸ்பாட் லைட்டில் மங்கித் தெரியலாம். முடிப்பதற்கு முன் பகல் வெளிச்சத்திலும் மஞ்சள் பல்பிலும் ஒருமுறை பாருங்கள். செல்போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் வெளிச்சமும் நிழலும் பிரிந்திருக்கின்றனவா என்பது உடனே தெரியும்.

10. சென்னைச் சுவர்கள் மழையில் ஈரம் குடிக்கும். கேன்வாஸை வெளிச்சுவரை ஒட்டிச் சாய்த்தால் முதுகில் பூஞ்சை பிடிக்கும். கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிக் காற்றுக்கு வழி விடுங்கள். தாளில் வரைந்த படங்களுக்கு இராமபாணப் பூச்சிதான் எதிரி. கட்டிலுக்கு அடியில் வைப்பதைவிட இறுக மூடும் ஃபோல்டரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது பாதுகாப்பு. கண்ணாடி போடும்போது படம் கண்ணாடியைத் தொடாதபடி மவுன்ட் வைக்கச் சொல்லுங்கள்.

11. கேன்வாஸின் முதுகில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். சட்டக் கட்டையில் எழுதுங்கள்: பெயர், தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு. அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு. தொங்கவிடும் வளையங்களை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் திருகுங்கள். இழுத்தாலும் அவற்றில் கட்டிய கம்பி படத்துக்கு மேலே தெரியக் கூடாது.

12. ஆட்டோவில் கொண்டுபோகும்போது அதிகம் பாழாவது அக்ரிலிக்தான். காய்ந்த பின்னும் வெயிலில் இளகி ஒட்டும். பபிள் ராப்பை நேராகச் சுற்றினால் வட்ட வட்டமாகத் தடம் பதிந்துவிடும். முதலில் பட்டர் பேப்பர், அதன்மேல் குமிழிகள் வெளிப்பக்கம் இருக்கும்படி ராப், மூலைகளில் அட்டை. இரண்டு படங்கள் என்றால் முகத்தோடு முகம் சேர்க்க வேண்டாம். நடுவே தெர்மாகோல் பலகை ஒன்றை வையுங்கள். சட்டமில்லாத கேன்வாஸைச் சுருட்டுவதானால் படம் வெளிப்பக்கம் இருக்கட்டும்.

13. விலை சொல்லத் தயக்கம் எல்லோருக்கும் உண்டு. சதுர அங்குலக் கணக்கு உதவும். 24க்கு 30 அங்குலம் என்றால் 720 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 20 ரூபாய் வைத்தால் 14,400. ஃபிரேம் செலவைத் தனியே சேருங்கள். காலரி எடுக்கும் கமிஷனைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதுபோக உங்களுக்குக் கட்டுமா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்து கேட்பவருக்கும் அதே விலைதான். குறைத்துக் கொடுத்தால் காலரியின் நம்பிக்கை போய்விடும்.

14. பெரிய படத்தோடு தீமுக்குப் பொருந்தும் சின்னப் படங்கள் சிலவும் வைக்க முடியுமா என்று கேளுங்கள். ஓவியர் கே.சி.எஸ்.பணிக்கர் முன்னின்று 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, ஓவியர்கள் பாடிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் ஓவியத்துக்கு நேரம் சம்பாதித்தார்கள். சின்னதை விற்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

15. ஒப்படைப்பதற்கு முந்தின நாள் காலை, நேர் வெயில் படாத இடத்தில் படத்தை நிறுத்திப் புகைப்படம் எடுத்துவிடுங்கள். செல்போன் படத்துக்கு நேர் இணையாக இருக்க வேண்டும். கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று ஜூம் செய்தால் ஓரங்கள் வளையாது. கண்ணாடி போட வேண்டிய படத்தைக் கண்ணாடி போடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

16. படத்தைக் கொடுக்கும்போது தலைப்பு, அளவு, விலை, திருப்பித் தரும் தேதி எழுதிய ரசீது வாங்குங்கள். விற்காமல் திரும்பி வந்தால் அன்றைக்கே கவரைப் பிரித்து, முதுகுப்பக்கம் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, ஃபேன் காற்றில் ஒரு நாள் வைத்துவிட்டு எடுத்து வையுங்கள்.