பின்னிருக்கையில் அப்பா

பினாங்குத் தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 3 கிலோமீட்டர் கடல் இருக்கிறது. 1985ஆம் ஆண்டு பினாங்குப் பாலம் திறக்கப்படும் வரை, வாகனத்தோடு அந்தக் கடலைக் கடக்க ஃபெரி ஒன்றே வழியாக இருந்தது. அந்தப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். 2014இல் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலமும் திறக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் இரு பாலங்களிலும் மோட்டார் சைக்கிள்களுக்குக் கட்டணம் கிடையாது. இருந்தும் பலர் ஃபெரியையே தேடி வருகிறார்கள். பாலத்தில் பக்கவாட்டுக் காற்று மோட்டார் சைக்கிளைத் தள்ளும்; கனரக வாகனங்கள் உரசுவதுபோல் கடந்து செல்லும். பின்னால் வயது முதிர்ந்தவர் அமர்ந்திருந்தால் ஓட்டுபவருக்கு அந்தத் தூரம் இன்னும் நீளமாகத் தோன்றும். ஃபெரியிலோ வண்டியை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்தபடி காலாற நிற்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஃபெரித்துறை வரிசையில் நின்ற மோட்டார் சைக்கிள்களில் ஒன்று புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்திருந்தது. முன்னால் இருபத்து நான்கு வயது மகள். பின்னால் அறுபத்தேழு வயது அப்பா.

அப்பாவுக்கு அந்த வரிசை புதிதல்ல. ஜார்ஜ்டவுனில் ஓர் அச்சகத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை செய்தவர் அவர். நாள்தோறும் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி, ஃபெரியிலேயே திரும்பியவர். மகள் சிறுமியாக இருந்தபோது அவளை முன்னால் உட்கார வைத்து எத்தனையோ முறை தீவுக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். ஆனால், பின்னிருக்கையில் அமர்ந்து அவர் ஃபெரி ஏறுவது இதுவே முதல் முறை.

அதற்குக் காரணம் அவருடைய கண்கள். சில மாதங்களுக்கு முன் மருத்துவர் அவருக்குக் கண் அழுத்த நோய் இருப்பதைக் கண்டறிந்தார். இதைக் குளுக்கோமா என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடுவதால், கண்ணையும் மூளையையும் இணைக்கும் நரம்பு சிறிது சிறிதாகப் பாதிக்கப்படும். வலி இருக்காது. நேராகப் பார்ப்பது நெடுநாள் தெளிவாகவே இருக்கும். பக்கப் பார்வை மட்டும் மெல்ல மெல்லச் சுருங்கும். தெரியாத இடத்தை மூளை தானாகவே நிரப்பிக்கொள்வதால், பார்வை குறைந்திருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. போன பார்வை திரும்பாது. ஆனால், சொட்டு மருந்தைத் தவறாமல் போட்டுவந்தால் மேலும் பாதிப்பு ஏற்படாமல் தடுக்கவோ தாமதப்படுத்தவோ முடியும்.

இனி மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது என்று மருத்துவர் சொன்னதை அப்பா ஏற்கவில்லை. “எதிரே நிற்கும் வண்டியின் எண்ணைக்கூட என்னால் படிக்க முடிகிறது. எனக்கா கண் தெரியவில்லை?” என்று கேட்டார். மருத்துவமனைக்கும் தாமே ஓட்டிச் சென்று வந்தார். அவருடைய பழைய மோட்டார் சைக்கிளின் சாலை வரி அந்த மாத இறுதியில் முடியவிருந்தது. அதைப் புதுப்பிக்கவும் பணம் எடுத்து வைத்திருந்தார். வீட்டில் இது குறித்துப் பேச்செழுந்தபோதெல்லாம் அது சச்சரவாகவே முடிந்தது. “ஞாயிறன்று தீவுக்குப் போய் வரலாம் அப்பா. நான் ஓட்டுகிறேன்; நீங்கள் வழி சொல்லுங்கள்” என்று மகள் கேட்டபோது, சற்று நேரம் யோசித்த பின்னரே ஒப்புக்கொண்டார்.

முதல் நாள் மாலையே மகள் வண்டியைச் சரிபார்த்தாள். இருவர் செல்லும்போது பின்சக்கரத்தின் மீது பாரம் கூடும். எனவே, கையேட்டில் இருவருக்கெனக் குறித்துள்ள அளவுக்குக் காற்றை நிரப்பினாள். சங்கிலியின் இறுக்கத்தையும் பிரேக்கையும் பார்த்தாள். பாரம் கூடினால் வண்டி நிற்பதற்கான தூரமும் கூடும் என்பதால், முன்செல்லும் வண்டியிலிருந்து வழக்கத்தைவிடத் தள்ளியே செல்ல வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டாள். மலேசியாவில் ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் இருவருமே தலைக்கவசம் அணிய வேண்டும். அப்பாவின் தலைக்கவசத்தில் வார் தளர்ந்திருந்ததைக் கண்டு புதியது ஒன்றை வாங்கி வைத்திருந்தாள்.

பின்னால் அமர்வதற்கும் ஒரு முறை உண்டு. கால்கள் எப்போதும் மிதிகட்டைகளின் மீதே இருக்க வேண்டும். வண்டி நிற்கும்போதும் தரையில் ஊன்றக்கூடாது. ஓட்டுபவரின் இடுப்பையோ பின்பிடியையோ பற்றிக்கொள்ள வேண்டும். வளைவில் வண்டி சாயும்போது உடலும் அதனோடு சாய வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டி தடுமாறும். இவற்றையெல்லாம் ஒரு காலத்தில் மகளுக்குக் கற்றுக் கொடுத்தவர் அப்பாதான். இன்று விளக்கில் வண்டி நின்ற ஒவ்வொரு முறையும் அவருடைய கால்கள் தாமாகவே தரையை நோக்கி இறங்கின.

“அப்பா, கால்...” என்றாள் மகள்.

“தெரியும்மா, தெரியும். பழக்கம்” என்றார் அவர்.

வரிசை நகர்ந்தது. மகள் முதல் கியரில் மெதுவாக ஃபெரிக்குள் ஏற்றினாள். பணியாளர் காட்டிய இடத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்தாள். அப்பா இறங்கிச் சுற்றிலும் பார்த்தார். அவருக்குப் பழக்கமான, கார்களையும் ஏற்றிச் சென்ற ஈரடுக்கு ஃபெரிகள் இப்போது அந்தச் சேவையில் இல்லை. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் நான்கு புதிய ஃபெரிகள் அறிமுகமாயின. ஒவ்வொன்றும் 250 பயணிகளையும் 50 மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றவல்லது, கார்களுக்கு இடமில்லை. பழைய ஃபெரிகளுக்குப் புலாவ் அங்சா, புலாவ் ரிமாவ் எனத் தீவுகளின் பெயர்கள் இருந்தன. புதியவற்றுக்குத் தெலுக் பஹாங், தெலுக் கும்பார் எனக் குடாக்களின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. இவை இரட்டை அடிப்பாகம் கொண்ட ‘கட்டமரான்’ வகைக் கப்பல்கள். மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவையைக் குறிக்கும் ‘கட்டுமரம்’ என்னும் தமிழ்ச் சொல்லே கடல் கடந்து இப்பெயராகியது.

ஃபெரி புறப்பட்டது. சிறிது நேரத்தில் ஜார்ஜ்டவுன் கரையின் கட்டடங்கள் தெளிவாயின. மணிக்கூண்டோடு நின்ற வெண்ணிறக் கட்டடத்தை அப்பா சுட்டிக்காட்டினார்.

“அது என்ன தெரியுமா? தண்டவாளமே இல்லாத இரயில் நிலையம்.”

மகள் சிரித்தாள். ஆனால், அவர் சொன்னது உண்மைதான். 1907ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அது மலாயா இரயில்வேக்கு உரியதாக இருந்தது. தீவில் இரயில் பாதை இல்லை. பயணிகள் அங்கே பயணச்சீட்டு வாங்கி, படகில் கடலைக் கடந்து, பட்டர்வொர்த்தில் இரயில் ஏறினார்கள். இன்று அக்கட்டடத்தில் சுங்கத் துறை இயங்குகிறது.

பத்து நிமிடங்களில் தீவு வந்தது. அப்பா வழி சொல்ல, மகள் லிட்டில் இந்தியாவுக்குள் ஓட்டினாள். குயின் வீதியிலுள்ள ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில் 1833ஆம் ஆண்டிலிருந்து அங்கே இருக்கிறது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் 1801இல் இந்திய முஸ்லிம்கள் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சீனர்களின் கருணைத் தேவி ஆலயமும், 1818இல் கட்டப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயமும் அடுத்தடுத்து வரும். இவையெல்லாம் அடங்கிய பழைய நகர்ப்பகுதியை யுனெஸ்கோ 2008ஆம் ஆண்டு உலக மரபுடைமைத் தளமாக மலாக்காவோடு சேர்த்து அறிவித்தது. கோயிலில் வழிபட்ட பின்னர் இருவரும் தோசை சாப்பிட்டனர். அச்சகம் இருந்த கடைவீட்டில் இப்போது ஒரு காப்பிக்கடை நடந்துகொண்டிருந்தது. அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே செல்லாமல் திரும்பிவிட்டார்.

அடுத்த சாலைச் சந்திப்பில்தான் அது நடந்தது. விளக்கு பச்சையாக மாறியது. மகள் வண்டியை எடுக்கவில்லை.

“பச்சை விழுந்துவிட்டதே. போம்மா” என்றார் அப்பா.

அவர் சொல்லி முடிப்பதற்குள், இடப்புறச் சாலையிலிருந்து ஒரு வேன் சிவப்பு விளக்கை மீறி அவர்களுக்கு முன்னால் விரைந்து சென்றது. அப்பாவின் கை மகளின் தோளை இறுகப் பற்றியது. மகள் இருபுறமும் மீண்டும் ஒரு முறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள். அதன்பின் நெடுநேரம் அப்பா வழி சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

சாலை கடற்கரையை ஒட்டி வடக்கே சென்றது. பத்து ஃபெரிங்கியில் வளைவுகள் தொடங்கின. ‘பத்து’ என்றால் மலாய் மொழியில் பாறை. ‘ஃபெரிங்கி’ அந்நியரைக் குறிக்கும் பழைய சொல். தமிழில் ‘பறங்கி’ என்பதும் அதுவே. முதல் இரண்டு வளைவுகளிலும் அப்பாவின் உடல் விறைப்பாக இருந்ததை மகள் உணர்ந்தாள். வேகத்தை மேலும் குறைத்தாள். மூன்றாவது வளைவில் அவர் அவளோடு சேர்ந்து சாய்ந்தார். அதன்பின் வண்டி சீராக ஓடியது.

காலையில் அவர்களை ஏற்றி வந்த ஃபெரிக்குப் பெயர் தந்த தெலுக் பஹாங்கில் வண்டியை நிறுத்தினார்கள். மீன்பிடிப் படகுகள் கரையோரம் கட்டப்பட்டிருந்தன. இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா கேட்டார்:

“அந்த வேனை நீ எப்போது பார்த்தாய்?”

“நாலைந்து கடை தள்ளி வரும்போதே பார்த்துவிட்டேன் அப்பா. வேகம் குறையவில்லை. அதனால்தான் நின்றேன்.”

“என் கண்ணுக்கு அது நேர் எதிரே வந்த பிறகுதான் தெரிந்தது.” சற்று நிறுத்தி, “உன் தலைக்கவசம் மறைத்தது என்று முதலில் நினைத்தேன். வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். அது முன்பக்கத்தைத்தான் மறைக்கும். பக்கத்தை மறைக்காது” என்றார்.

மகள் எதுவும் சொல்லவில்லை. ‘நான்தான் அப்போதே சொன்னேனே’ என்று சொல்லக்கூடிய இடம் அது. மாதக்கணக்கில் வீட்டில் நடந்த வாக்குவாதங்களுக்கெல்லாம் அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்திருக்கும். ஆனால், முப்பது ஆண்டுகள் தானே ஓட்டிச் சென்று, ஒரு குடும்பத்தை நடத்திய மனிதர், தம் வாயாலேயே அதைச் சொல்ல எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று அவள் நினைத்தாள். முதியவர்களுக்கு வண்டியின் சாவி என்பது வெறும் சாவியன்று. நினைத்த நேரத்தில் கடைக்கும் கோயிலுக்கும் நண்பர் வீட்டுக்கும் யாரையும் எதிர்பாராமல் சென்றுவரும் உரிமை அது. அதை விட்டுக்கொடுக்கச் சொல்பவர்கள், அதற்கு ஈடாக என்ன தரப்போகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவள் அதுவரை அப்படி எண்ணியதில்லை.

“எங்கெல்லாம் வாரந்தோறும் போவீர்கள் அப்பா?” என்று கேட்டாள்.

அவர் விரல்விட்டு எண்ணினார். செவ்வாய்க்கிழமை சந்தை. வெள்ளிக்கிழமை கோயில். இடையில் ஒரு நாள் பழைய நண்பர்களோடு தேநீர். இரண்டு இடங்களுக்குப் பேருந்து இருந்தது. வெள்ளி மாலை அவள் வேலை முடிந்து வந்துவிடுவாள். நண்பர்களில் ஒருவரிடம் கார் இருந்தது. கணக்கிட்டுப் பார்த்தபோது, இருவரும் நினைத்த அளவுக்கு அது கடினமாக இல்லை.

மாலை ஃபெரியில் கூட்டம் அதிகமாக இருந்தது. வேலை முடிந்து திரும்புபவர்கள் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். பட்டர்வொர்த் நெருங்கியதும் அப்பா தாமாகவே தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வாரை இறுக்கினார்.

“சாலை வரிக்கு எடுத்து வைத்த பணம் அலமாரியில் இருக்கிறது. அது இனி தேவைப்படாது” என்றார். பிறகு, “வரும் பன்னிரண்டாம் தேதி கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு. உன்னால் விடுப்பு எடுக்க முடியுமா?” என்று கேட்டார்.

“எடுக்கிறேன் அப்பா” என்றாள் மகள்.

ஃபெரி துறையைத் தொட்டது. அவள் இயந்திரத்தை முடுக்கினாள். அப்பா பின்னால் ஏறி, இரு கால்களையும் மிதிகட்டைகளின் மீது வைத்துக்கொண்டார்.